மேல்வீட்டுக்குப் போன நீலக் கேபிள்

"கேபிள் இல்லன்னு சொல்லுதுன்னா கேபிள் இல்லன்னுதான்டா அர்த்தம்."

"இருக்குது மாமா. கையில புடிச்சிக்கிட்டுதான் நிக்கிறேன்."

"கையில புடிச்சிக்கிட்டு நின்னா எப்பட்றா வரும்? பெட்டியில சொருவு."

"சொருவிட்டுத்தான் மாமா புடிச்சிக்கிட்டிருக்கேன். கைய வுட்டா வெளிய வந்துடுது."

"சரி, மறுபடியும் டெஸ்ட் போடு. இன்னா வருதோ அப்பிடியே படி."

கலைவாணன் ஒரு கையால் கேபிளைப் பிடித்தபடி குனிந்து மறு கையால் பொத்தானை அழுத்தினான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றி முடித்துவிட்டுப் பழைய செய்தியையே காட்டியது. பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கடையில் வாங்கிய கேம் பெட்டி என்பதால் அது பிரெஞ்சில்தான் பேசும். பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படிப்பதற்குக் கலைவாணனுக்கு இதுவரை கிடைத்த ஒரே பலன், அதைப் படிக்க முடிவதுதான்.

"அதேதான் மாமா. 'காப்ல்'னு வருது, பின்னாடியே 'பா'ன்னு வருது. இல்லவே இல்லன்னு சாதிக்குது."

டிவியின் மேல் வைத்திருந்த செல்போனிலிருந்து ராமலிங்கம் சிரிப்பது கேட்டது. அவர் கலைவாணனின் அம்மா அமுதவல்லிக்கு அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் வீட்டில், ஊர் வழக்கில் சொல்தா வீட்டில், பெண்ணெடுத்துப் பிரான்சுக்குப் போனவர். பிள்ளை இல்லாதவர். கோடையில் வந்தபோது இந்தப் பெட்டியை விமானத்தில் மடியில் வைத்தே கொண்டுவந்ததாகச் சொன்னார். அதிலிருந்து ஞாயிறுதோறும் அவர் அங்கிருந்தும், மருமகன் முத்தியால்பேட்டையிலிருந்தும் ஒரே மைதானத்தில் பந்து விளையாடினார்கள். ஆயுதபூஜை முடிந்த நாளிலிருந்து அந்த மைதானம் திறக்கவில்லை.

"ஒங்கப்பா இருக்காரா பக்கத்துல?"

ஆதிமூலம் பின்னால்தான் நின்றிருந்தார். சட்டைப் பையில் டெஸ்டர், கையில் ஸ்குரூ டிரைவர். எதையும் திறக்கவில்லை. சும்மா பிடித்திருந்தார்.

"இருக்கறேன் மச்சான்."

"இன்னா மாப்ள, சேதராப்பட்டுல அவ்ளோ மோட்டாரையும் ஓட்டுறீங்க. வீட்ல ஒரு வெளையாட்டு சாமான் ஒங்க பேச்ச கேக்கலியா?"

கேலிதான். ராமலிங்கம் எப்போதும் அப்படித்தான் பேசுவார். ஆனால் மகன் நின்றிருந்தான், மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் ஒரு எந்திரம் நின்றால் எல்லோரும் முதலில் சொல்வது "ஆதிய கூப்புடு" என்பதுதான். அந்தப் பேர் தன் வீட்டுக்குள் செல்லுபடியாகவில்லை என்பது அவருக்குக் கழுத்தில் வியர்வைபோல ஊறியது.

"நாளைக்கு ஓடும் மச்சான். நீங்க தயாரா இருங்க" என்றார்.

போன் வைக்கப்பட்டதும் மோடத்தின் முன்னால் போய்க் குந்தினார். அதன் நெற்றியில் வைத்த குங்குமம் இன்னும் இருந்தது. கேபிள் செருகும் ஓட்டைகளுக்கு மேல் வரிசையாகப் பச்சை விளக்குகள். தங்கள் சாம்பல் கேபிள் போகும் இடத்தில் விளக்கு இருண்டிருந்தது. பக்கத்தில் நீலக் கேபிள் போகும் இடத்தில் விளக்கு நிற்காமல் துடித்தது. பையன் கேபிளை ஓட்டை மாற்றிச் செருகிப் பார்த்துவிட்டான், மோடத்தை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டான். இருட்டு இவர்கள் கேபிளோடேயே இடம் மாறியது.

நீலக் கேபிள் ஜன்னல் வழியாக வெளியே போய், மாடிப்படிச் சுவரில் ஏறி, மேல்வீட்டுக்குப் போகிறது. மேலே செந்தமிழ்ச்செல்வியும் அவள் அம்மா சின்னப்பாப்பாவும் வாடகைக்குக் குடியிருந்தார்கள். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளி விவரங்களைக் காதில் கேட்டு ஆங்கிலத்தில் தட்டி அனுப்புவது செல்வியின் வேலை. அவளுக்கு இணைப்பு வேண்டும், கலைவாணனுக்கும் வேண்டும். பாதிப் பாதி என்று பேசி ஒரே இணைப்பை வாங்கினார்கள். ஆணி அடித்துக் கேபிள் இழுத்தது செல்வியே.

"எப்பிடி துடிக்குது பாரு" என்றார் ஆதிமூலம். "ஒரே லைன்ல ரெண்டு மோட்டார் போட்டா, பலமானது இழுத்துக்கும். இன்னொண்ணு செத்துப்போவும்."

"ஆயுதபூஜ ராத்திரியும் அது எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சி" என்றாள் அமுதவல்லி. "சாமிக்கு வெச்ச பொருள காலையில வரைக்கும் தொடாதன்னு சொன்னோம். கேட்டுச்சா அந்தப் பொண்ணு? ஃபைல் அனுப்பணும், ஃபைல் அனுப்பணும்னு நின்னுச்சி."

அதுவரை ஆதிமூலத்துக்கு அது ஒரு சந்தேகமாகத்தான் இருந்தது. இப்போது இரண்டு காரணங்கள் சேர்ந்து ஒரே ஆளைக் காட்டின.

மாடிப்படிக்குக் கீழே தெருக்கதவு திறந்திருந்தது. வாசலில் குழாயடி. தண்ணீர் வரும் நேரம். குடங்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டு அஞ்சலாட்சி தன் குடத்தைக் குழாய்க்குக் கீழே தள்ளிவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள்.

"எம்மா செல்வி! கொஞ்சம் கீழ வா" என்று ஆதிமூலம் படியடியில் நின்று கூப்பிட்டார்.

காதில் மாட்டும் ஹெட்போன் கழுத்தில் தொங்க அவள் இறங்கி வந்தாள்.

"இன்னா சார்?"

"ஒன் லைனு எங்க லைன இழுக்குது."

"அப்பிடி இழுக்காது சார். ஒங்க கேபிள குடுங்க, என் கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாக்கறேன். அது நல்லாருந்துச்சின்னா, பெட்டிக்குப் பின்னால அந்த ஓட்டையத்தான் பாக்கணும்."

"பெட்டியில கோளாறுன்றியா?"

"கோளாறுன்னு சொல்லல சார். ஒருவாட்டி பாத்துடலாம்னு."

"பிரான்சிலேர்ந்து வந்த பெட்டிம்மா அது. பூஜைக்கு முந்தி வரைக்கும் ஓடிச்சு. பூஜ அன்னிக்கு யாரு கை வெச்சது? நீதான வெச்ச."

"அதான பாத்தேன்" என்று அஞ்சலாட்சி குழாயடியிலிருந்து சொன்னாள். "சாமி கும்புட்ட அன்னிக்கும் மேல தட்டச்சு சத்தம் கேக்குதேன்னு."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அவள்மேல் விழுந்ததா தன்மேல் விழுந்ததா என்று ஆதிமூலத்துக்குத் தெரியவில்லை. அதனால் குரலை உயர்த்தினார்.

"பாதி குடுக்கறேன்னு சொல்லிட்டு முழுசையும் உறிஞ்சிக்கிட்டா, அதுக்குப் பேரு இன்னாம்மா? திருட்டு இல்லாம இன்னா?"

செல்வி ஹெட்போனின் ஒயரை விரலில் சுற்றினாள். மேல்படியிலிருந்து சின்னப்பாப்பாவின் குரல் வந்தது.

"தம்பி, அந்த வார்த்த மட்டும் வேணாம் தம்பி."

ஆதிமூலம் உள்ளே போய்க் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார். தொழிற்சாலையில் ஒரு ஒயரை வெட்டுவதற்கு முன்னால், அந்த ஒயர் போய்ச் சேரும் இடத்தில் நிற்கிறவனுக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்பது அவரே புதுப் பையன்களுக்குச் சொல்லித்தரும் விதி. இங்கே அந்த ஆள் எதிரிலேயே நின்றிருந்தாள். அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி நீலக் கேபிளைப் பிளேயரின் வாய்க்குள் விட்டார். டக்கென்று ஒரு சத்தம். கேபிளின் மேல்பாதி சுவரில் லேசாக ஆடி நின்றது.

பெட்டி அப்போதும் 'இல்லை' என்றே சொன்னது.

"மோடம் ஆறட்டும்" என்றார். "காலையில வரும்."

மறுநாள் காலையில் அமுதவல்லியும் கலைவாணனும் கருவடிக்குப்பத்தில் ஒரு வளைகாப்புக்குப் போனார்கள். அவர்கள் போன சிறிது நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஆதிமூலம் ஜன்னலருகே நகர்ந்து பார்த்தார். செல்வி கைப்பையைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பிரவுசிங் சென்டருக்குப் போகிறாள். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டாமல், கையால் மெல்ல மடக்கினாள். தூங்குகிற வீட்டைக் கடந்து போகிறவளைப்போல. நேற்று அவள் சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அந்தச் சத்தமில்லாத ஸ்டாண்டு ஏதோ செய்தது.

வீடு அமைதியாக இருந்தது. அவர் போய்ப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். மோடம் ஆறிவிட்டது, நீலக் கேபிள் இல்லை. சாம்பல் கேபிளின் விளக்கு இன்னும் இருட்டுதான்.

இனிப் பார்க்காத இடம் ஒன்றே ஒன்று. அதைப் பார்க்கச் சொன்னது அவள் என்பதாலேயே நேற்று அவர் பார்க்கவில்லை.

பெட்டியைத் திருப்பி டார்ச்சை அடித்தார். சதுர ஓட்டைக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பித்தளை என்று நினைத்தார். ஊக்கின் முனையால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. விரலில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். வாசனை வந்தது. பன்னீர் கலந்த சந்தனம்.

யார் வைத்தது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயுதபூஜைக்குத் தொழிற்சாலையில் சந்தனக் கிண்ணத்தை அவர் கையில்தான் கொடுப்பார்கள். மற்றவர்கள் எந்திரத்தின் வயிற்றில் அப்பிவிட்டுப் போவார்கள். அவர் அப்படி வைக்க மாட்டார். எந்திரத்துக்கு உயிர் உள்ளே போகும் இடம் எதுவோ, அதன் வாயருகே மோதிர விரலால் ஒரே பொட்டு. பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள். அதே முறையை வீட்டிலும் செய்தார். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, டேபிள் ஃபேன். கேம் பெட்டியைக் கலைவாணன் எல்லா ஒயரையும் கழற்றிச் சாமிப் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தான். முன்பக்கம் பளபளவென்று இருந்ததால் அங்கே வைக்க மனம் வரவில்லை. பின்பக்கம் கரண்ட் போகும் ஓட்டை. ஈரச் சந்தனத்தை அங்கே வைக்கக் கூடாது என்று முப்பது வருடத் தொழில் சொன்னது. பக்கத்திலிருந்த சின்ன வாயில் கரண்ட் கிடையாது, ஆபத்து கிடையாது. வழியவழிய ஒரு பொட்டு. உள்ளே போகட்டும் என்று விரலால் ஒரு அழுத்து.

அப்போது பக்கத்தில் நின்ற அமுதவல்லி, "எவ்ளோ பொறுமையா வெக்கிறீங்க" என்று சொன்னதுகூட நினைவுக்கு வந்தது.

ஊக்கு, பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட். காய்ந்த சந்தனம் சின்னச் சின்னத் தகடுகளாகப் பெயர்ந்து அவர் லுங்கியில் விழுந்தது. அடியில் தலைமுடிபோல மெல்லிய பொன் கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன. சந்தனம் மூடியிருந்தவரை அவற்றுக்குக் கேபிள் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. பெட்டி பொய் சொல்லவில்லை. இந்த வீட்டில் அது மட்டும்தான் உள்ளதைச் சொன்னது.

கேபிளைச் செருகினார். டக்கென்று பிடித்துக்கொண்டது. நேற்றுக் கேட்ட அதே சத்தம். விளக்கு பச்சையாக எரிந்தது.

அவர் சந்தோஷப்படவில்லை. லுங்கியிலிருந்த துகள்களை உள்ளங்கையில் கூட்டி, கொல்லைப்பக்கம் போய் வாழையடியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய பிறகுதான், சாமிப் பொருளைக் கால்படாத இடத்தில் சேர்த்தோமா அல்லது தடயத்தை மறைத்தோமா என்ற கேள்வி வந்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தார். "நான் வெச்ச சந்தனம்தான் அடைச்சிக்கிட்டிருந்துச்சி." அவ்வளவுதான். சின்ன வாக்கியம். மனைவியும் மகனும் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கலைவாணன் கத்தினான்.

"யப்பா! வந்துருச்சி! லைட்டு எரியுது!"

"நான் சொல்லல?" என்றாள் அமுதவல்லி. கையில் வளைகாப்பு வளையல்கள் குலுங்கின. "அவ லைன புடுங்குனதும் வந்துருச்சி பாரு. ஆறட்டும்னு ஒங்கப்பா சொன்னாரு, ஆறுனதும் வந்துருச்சி."

ஆதிமூலம் வாயைத் திறந்தார். அதற்குள் கலைவாணன் போனில் இருந்தான்.

"மாமா, ரெடி மாமா! மேல்வீட்டு லைன அப்பா கட் பண்ணாரு, சரியாயிடுச்சி!"

"அது எப்பிட்றா?" என்று ராமலிங்கம் இழுத்தார். பிறகு, "சரி வுடு, ஓடுதில்ல. மாப்ள, ஒங்கள மாதிரி ஆள அங்க விட்டுட்டு, நான் இங்க மெக்கானிக்க தேடி அலையிறேன். நீங்கதான் இன்ஜினியரு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மகன் அப்படிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"ம்" என்றார் ஆதிமூலம்.

நேற்று 'திருட்டு' என்று சொன்னது கோபத்தில் வந்த வார்த்தை, தெரியாமல் சொன்னது. இந்த 'ம்' அப்படியில்லை. இது தெரிந்து சொன்னது. வாயிலிருந்து வெளியே போன பிறகும் அது நெஞ்சுக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றியது.

மாலையில் ஆட்டம் தொடங்கியது. மழை பெய்யும் ஏதோ ஒரு வெளிநாட்டு மைதானத்தில் குட்டிக் குட்டி மனிதர்கள் ஓடினார்கள். "மாமா, பாஸ் குடு மாமா!" என்று கலைவாணன் கத்தினான். ஆதிமூலம் எழுந்து, இன்சுலேஷன் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்.

வெட்டிய இரண்டு முனைகளும் சுவரில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. படியில் உட்கார்ந்து நீல உறையைச் சீவினார். உள்ளே பச்சை, ஆரஞ்சு, பழுப்பு என்று பின்னிப் பின்னி மெல்லிய ஒயர்கள். நிறத்துக்கு நிறம் சேர்த்து முறுக்குவது அவருக்குப் பெரிய வேலையில்லை. ஒட்டிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய்விடலாம் என்றுதான் நினைத்தார். அவள் வந்து கம்ப்யூட்டரைப் போடுவாள், இணைப்பு வந்திருக்கும். வீட்டுக்காரர் மனசு மாறிவிட்டார் என்று நினைத்துக்கொள்வாள். சொல்லாமலே முடிந்துவிடும்.

கடைசி ஒயரை முறுக்கும்போது சைக்கிள் வந்து நின்றது. இந்த முறையும் ஸ்டாண்டு சத்தம் போடவில்லை.

"சார்?" செல்வி கீழ்ப்படியிலேயே நின்றாள். "இன்னா சார் பண்றீங்க?"

"ஒட்டிக்கிட்டிருக்கேன்."

"வேணாம் சார்." அவள் அவசரமாகச் சொன்னாள். "நான் வெளியவே பாத்துக்கறேன். தம்பிக்கு லைன் வந்துருச்சின்னு முக்குலயே அஞ்சலாட்சிக்கா சொன்னாங்க. எனக்கு எப்பிடின்னு புரியல சார், ஆனா வந்துருச்சில்ல. அப்ப என் பக்கந்தான் ஏதோ தப்பு இருந்துருக்கணும். கேபிள் இழுக்கும்போது நான் எங்கியாவது தப்பா மாட்டிட்டேனோ இன்னாவோ." ஒரு மூச்சு விட்டுச் சேர்த்தாள். "மன்னிச்சிக்கோங்க சார். அம்மாவும் மன்னிப்பு கேக்கச் சொல்லுச்சி."

அவர் தலை நிமிரவில்லை. டேப்பின் முனையை நகத்தால் தேடினார். முனை அகப்படவே இல்லை.

"ஒன் லைனு இல்லம்மா" என்றார். குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. "சந்தனம்."

"இன்னா சார்?"

"ஆயுதபூஜைக்கு வெச்சேன்ல. அந்த ஓட்டையிலதான் வெச்சிருக்கேன். நீ பாக்கச் சொன்னியே, அந்த ஓட்ட. உள்ள காஞ்சி அடைச்சிக்கிட்டிருந்துச்சி. காலையில நாந்தான் நோண்டி எடுத்தேன்."

செல்விக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கேபிள் ஓட்டைக்குள் சந்தனப் பொட்டு. கையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது. நின்ற பிறகும் கையை எடுக்காமல் இருந்தாள்.

"காலையிலேர்ந்து தெரியுமா சார் ஒங்களுக்கு?"

ஆமென்று தலையை அசைத்தார்.

"வீட்ல அக்காவுக்குத் தெரியுமா?"

இல்லை என்று மறுபடி அசைத்தார்.

வாசலில் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது. குடங்கள் இடித்துக்கொண்டன. அமுதவல்லியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இப்ப இன்னா வேகமா ஓடுதுன்ற! இவ்ளோ நாளா எல்லாத்தையும் மேலயே இழுத்துக்கிட்டு இருந்துருக்குது."

"மொகத்த பாத்தா பச்சப்புள்ள மாதிரி இருக்குது" என்றாள் அஞ்சலாட்சி. "யார நம்பறது?"

செல்வி அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேலே கதவு திறந்தது. சின்னப்பாப்பா வெளியே வந்து, நேற்று நின்ற அதே மேல்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளையும் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுபடி ஏதோ பேச்சு ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்த பார்வை.

ஆதிமூலம் பாதி சுற்றிய டேப்போடு எழுந்து நின்றார். "இதுல வந்துரும்மா. மேல போயிப் போட்டுப் பாரு" என்றார்.

"லைன் வரும் சார். அது எனக்குத் தெரியும்."

அவள் குரல் உயரவில்லை. ஹெட்போன் ஒயர் இல்லாத விரல், துப்பட்டாவின் நுனியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்றீங்களா சார்? எல்லாரும் நிக்கிறாங்க, எங்கம்மாவும் நிக்கிது. நேத்து சொன்ன அளவுக்கே சத்தமா, ஒரே ஒருவாட்டி?"